விடை முன்னே வந்த புத்தகம்

மகன்,

ஸலாமை முதலில் வாங்கிக்கொள். இதை நேரில் சொல்லலாம் என்று இரண்டு முறை வாய் திறந்தேன். முதல் முறை நீ தலைக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு "வந்து கதைப்பம் உம்மா" என்றாய். இரண்டாம் முறை மண்டபக்காரன் போன் எடுத்தான். கடிதத்தை யாரும் இடையில் வெட்ட முடியாது, அதனால் பேனையை எடுத்தேன். தையல் மெசினில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லாரும் உன் கலியாணத்துக்குப் புதுச் சட்டை தைக்கத் தந்திருக்கிறார்கள். அவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நீ மாப்பிள்ளை. அதற்குப் பிறகு உன் வீடு கல்முனையில், பெண் வீட்டில். நம் ஆட்களிடம் ஆண்பிள்ளைதான் வீட்டை விட்டுப் போகிறவன், இதில் நான் அழுது காட்ட ஒன்றும் இல்லை. உன் வாப்பாவும் அப்படித்தான் என் வீட்டுக்கு வந்தார். நாங்கள் மன்னாரிலிருந்து வள்ளம் ஏறி வந்து இங்கே புத்தளத்தில் அகதி முகாமில் இருந்த காலம் அது. வீடு என்று சொன்னது ஓர் ஓலைக் கொட்டில். மாப்பிள்ளையாக வந்தவர் மறுநாளே கூரையில் ஏறி ஓலை மாற்றினார், இன்று வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லியே என்னிடம் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கிறார். உனக்குச் சீமெந்து வீடு காத்திருக்கிறது, நீ கொடுத்து வைத்தவன்.

நேற்று உன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று தெரியும், பார்த்தேன். சாரன், சேர்ட், பாடசாலையில் நீ படிப்பிக்கும் கணிதப் புத்தகங்கள், அத்தர்ப் போத்தல், எல்லாம் இருந்தன. கோ விளையாட்டுப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அலுமாரியின் மேல்தட்டில் அடுக்கியபடி கிடந்தன. "இதுல எதை எடுத்துக்கிட்டுப் போறாய் மகன்?" என்று கேட்டேன். நீ திரும்பியே பார்க்காமல், "ஒண்டும் வேணாம் உம்மா. இவ்வளவு படிச்சும் உங்களையே வெல்ல ஏலாம இரிக்கு. எனக்கு அந்த மூளை இல்ல, விட்டிருவம்" என்றாய். சேர்ட்டை மடித்தபடி, வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாய். இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு பேச்சுக்குத்தான் பதில். உனக்கு மூளை இருக்கிறது. புத்தகத்தில்தான் பிழை, அந்தப் பிழையைச் செய்தது யார் என்றும் சொல்கிறேன், பொறு.

லின்னை உனக்கு நினைவிருக்கும். யுத்தம் முடிந்த காலம், நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது, ஊரெல்லாம் சீனாக்காரர். லின் அவர்களுக்கு மொழிபெயர்க்க வந்த பிள்ளை. நம் வீட்டு முன்னறையை வாடகைக்கு எடுத்தாள். அவள் சீனாவில் படித்த சிங்களமும் நான் சந்தையில் படித்த சிங்களமும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து எங்கள் கதை ஓடும். வெள்ளிக்கிழமைகளில் நான் கொடுக்கும் நெய்ச்சோற்றுக்குக் கைம்மாறாக என்ன செய்யலாம் என்று யோசித்தவள், ஒருநாள் என் சோக்குக்கட்டியை வாங்கி, துணி வெட்டும் பலகையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறினாள். கல்லுக்கு எங்கே போவது? என் மெசின் மேசை லாச்சிக்குள் பாடசாலைச் சேர்ட்டுக்கான வெள்ளைப் பொத்தான்களும் காற்சட்டைக்கான கறுப்புப் பொத்தான்களும் டப்பா டப்பாவாக இருந்தன. அப்படித்தான் இந்த வீட்டுக்குள் கோ வந்தது. எதிராளியின் கல்லைச் சுற்றி வளைக்க வேண்டும், உன் கல் வளைபடாமல் மூச்சுவிட இடம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பொழுதில் விளங்கும், பிறகு ஆயுசுக்கும் விளங்காது.

ஒன்றை நீ கவனித்திருக்க மாட்டாய், சின்னப் பிள்ளை. லின் எனக்கு ஒருநாளும் விடை சொன்னதில்லை. நான் பிழையாக வைத்தால் சிரிப்பாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் ஒரு சொல்லைத்தான் சொல்வாள்: "யோசி, அக்கா." எனக்குக் கோபம் வரும். "யோசிச்சதாலதானே இங்க வெச்சன்!" என்று கத்துவேன். அவள் மறுபடியும், "யோசி, அக்கா." மெசினை மிதித்துக்கொண்டு, கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டு, அந்தப் பொத்தான் ஏன் செத்தது என்று யோசித்தேன். இரண்டு சட்டைக்கு வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்ததும் அந்தக் காலத்தில்தான்.

வேலை முடிந்து அவள் ஊருக்குப் புறப்பட்டபோது, தன் பள்ளிக்கூடக் காலத்துக் கோ பயிற்சிப் புத்தகத்தைக் காட்டினாள். அதைத் தர அவளுக்கு மனம் வரவில்லை, பிரதி எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நான் புத்தளம் டவுனுக்கு ஓடினேன். கடைக்காரர் எனக்குச் செலவைக் குறைக்கிறேன் என்று புத்தகத்தை விரித்தபடி வைத்து, இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் எடுத்துத் தந்தார். பக்க எண்கள் ஓரத்தோடு வெட்டுப்பட்டுப் போயின. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அடுத்த நாளே லின் போய்விட்டாள். நான் வீட்டில் உட்கார்ந்து, கத்தரிக்கோலால் ஒவ்வொரு தாளையும் நடுவால் வெட்டி, அடுக்கி, ஊசி நூலால் புத்தகமாகத் தைத்தேன்.

இங்கேதான் உன் உம்மா கெட்டிக்காரியானாள். மத்ரஸாப் பிள்ளைகள் கிழித்துக்கொண்டு வரும் அரபுக் கிதாபுகளை எல்லாம் நான்தானே தைத்துக் கொடுப்பேன்? கிதாபு வலது பக்கம் இருந்து தொடங்கும். லின்னும் ஒருமுறை, "எங்கட பழைய புத்தகமும் வலப்பக்கமிருந்துதான் அக்கா" என்று சிங்களத்தில் சொல்லியிருந்தாள். அவளுடைய அந்தப் புத்தகம் பழையதா புதியதா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எழுத்தோ ஒன்றும் விளங்காது. வலது பாதியை முன்னுக்கும் இடது பாதியைப் பின்னுக்கும் வைத்து, வலது ஓரத்தில் இறுக்கித் தைத்தேன். விரித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் கற்களின் மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு ஆட்டம் காட்டியிருந்தது. அடுத்த பக்கத்தில் அதே கற்கள், எண் இல்லாமல் வெறுமையாக இருந்தன. எனக்கு மிகவும் சரியாகப் பட்டது. ஓதும் பள்ளியில் உஸ்தாத் முதலில் ஓதிக் காட்டுவார், பிள்ளை பின்னால் ஓதும். புத்தகமும் முதலில் காட்டித் தருகிறது, பிறகு நீயே செய்து பார் என்கிறது என்று நினைத்தேன். உன்னைக் கூப்பிட்டு, "இந்தா மகன், முதல்ல இதைப் பார், பொறகு அதுல வெச்சுப் பார்" என்று உன் கையில் தந்தேன்.

நீ அதைக் கரைத்துக் குடித்தாய். எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் பொத்தானை டக் டக்கென்று வைத்தாய். பாடசாலையில் நீ பழக்கிய பிள்ளைகளில் உன்னை வெல்ல ஆளில்லை. நான் அக்கம்பக்கத்தில் பெருமை அடித்தது கொஞ்சநஞ்சமல்ல, வெங்காயத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்களையும் விட்டு வைக்கவில்லை. பிறகு கொழும்புப் போட்டிகளுக்குப் போகத் தொடங்கினாய், தோற்கத் தொடங்கினாய். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு புத்தகம் வாங்கினாய், ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் தடிப்பு. பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்கள் அடங்கிய புத்தகத்தை வாப்பா கையில் தூக்கிப் பார்த்து, "இதால அடிச்சா எதிராளி விழுவான், படிச்சா நீ விழுவாய்" என்றாரே, அதற்கு நீ ஒரு கிழமை அவரோடு பேசவில்லை. அதன் பிறகு மூலைகளுக்கான புத்தகம் வந்தது. மூலையில் அவன் இங்கே வைத்தால் நீ அங்கே, அவன் அங்கே வைத்தால் நீ இங்கே என்று நூற்றுக்கணக்கில் வழிகள். அதையும் மனப்பாடம் செய்தாய்.

கடைசிப் போட்டிக்கு நானும் உன்னோடு வந்தேன். பின்வரிசைக் கதிரையில் உட்கார்ந்து ஒரு சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன், ஆனால் கண் முழுக்க உன் பலகையில். எதிரே கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். இடது மூலையில் உன் புத்தகத்தில் இல்லாத ஓர் இடத்தில் சும்மா ஒரு கல்லை வைத்தார். அது ஒன்றும் பெரிய ஆட்டமில்லை மகன், எனக்கே தெரிந்தது. உன் கை மட்டும் கல் கிண்ணத்துக்குள் அப்படியே நின்றுவிட்டது. காது சிவந்துபோனது. திரும்பி வரும் பஸ்ஸில் சிலாபம் தாண்டும் வரைக்கும் நீ மூலைப் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருந்தாய். பிறகு, "புத்தகத்துல இல்லாத இடத்துல வெச்சிட்டார் உம்மா. எனக்கு ஒண்டுமே விளங்கல்ல" என்றாய். நான் உனக்கு மாங்காய் வாங்கித் தந்தேன். அதைவிட வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அன்றைக்கே நீ மனதுக்குள் இதைக் கைவிட்டுவிட்டாய் என்று இப்போது விளங்குகிறது.

இனி நடந்ததைக் கேள். போன மாதம் பெண் வீட்டார் இங்கே வந்தார்களே, நீயும் வாப்பாவும் அவர்களைத் தோட்டம் காட்டக் கூட்டிக்கொண்டு போனீர்கள். மருமகள் என்னோடு நின்றுவிட்டாள். மெசினுக்குப் பக்கத்தில் கிடந்த நான் தைத்த புத்தகத்தைக் கையில் எடுத்தாள். தமிழ்ப் புத்தகத்தைத் திறப்பதுபோல இடது பக்கமிருந்து, அதாவது என் கணக்கில் பின்பக்கமிருந்து, திறந்தாள். "இவர் செல்லுற பொத்தான் வெளையாட்டு இதானா மாமி?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லி, கல் எப்படிச் சாகும், எப்படிப் பிழைக்கும் என்பதை மட்டும் காட்டினேன். பிறகு தேத்தண்ணி ஊற்றப் போனேன். வந்து பார்த்தால், பிள்ளை எண் இல்லாத படத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பொத்தானை ஒரு இடத்தில் வைக்கிறாள், எடுக்கிறாள், இன்னோர் இடத்தில் வைக்கிறாள். தேத்தண்ணி ஆறிப்போனது. அந்தப் படம் கஷ்டமானது, அவளுக்கு அது வரவில்லை. கடைசியில் பக்கத்தைப் புரட்டினாள், புரட்டியவள் "ஆ!" என்று நெற்றியில் தட்டிக்கொண்டாள். பிறகு புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "மாமி, கேள்வி முன்னுக்கு, விடை பின்னுக்கு வரணும். நீங்க தைச்சிருக்கிற பக்கத்தால பார்த்தா விடை முன்னுக்கு வருதே?"

மகன், நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அவளிடமிருந்து புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். ஓம், அவள் சொன்னது சரி. எண் இல்லாத படம் கேள்வி, எண் போட்ட படம் விடை. நான் உனக்குப் பத்து வயதில் கொடுத்தது கேள்விப் புத்தகமே இல்லை. ஒரு கேள்வியையும் நீ கேள்வியாகப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றிலும் விடையைப் பார்த்தபிறகுதான் கேள்விக்கு வந்தாய். "உங்கட மாப்பிள்ளைக்கு நானே சொல்றன், நீங்க ஒண்டும் சொல்ல வேணாம்" என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் குணமும் எனக்குப் பிடித்தது.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். ஓதலுக்கு அந்த முறைதான் சரி. அங்கே ஓர் எழுத்தையும் மாற்ற யாருக்கும் உரிமை இல்லை, காட்டியதைக் காட்டியபடி ஓத வேண்டும். பலகையின் முன்னால் உட்கார்ந்தவன் நிலைமை அது இல்லை. உன்னை யோசிக்க விடாமல் ஒப்புவிக்கப் பழக்கியவள் நான். பிறகு நீ தேடித் தேடி வாங்கியவையும் அதே சாதிப் புத்தகங்கள்தான், ஏனென்றால் படிப்பது என்றால் அதுதான் என்று உனக்குப் பழகிவிட்டது. என்னை வெல்ல முடியவில்லை என்கிறாயே, நான் அந்தப் புத்தகத்தைப் படித்ததே இல்லையடா! என்னை லின் கேள்வியோடு விட்டுவிட்டுப் போனாள். உனக்கும் எனக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். மூளையில் குறை என்று நீ நினைத்தது என் தையலில் வந்த குறை. தைத்தவள் நான், பிரித்துத் தைக்கவும் எனக்குத் தெரியும்.

ஆகவே எந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவது என்ற என் கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன். மூலைப் புத்தகம் இங்கேயே கிடக்கட்டும். கல் ஏன் அந்த இடத்துக்குப் போகிறது என்று உனக்கே தெரிந்தபிறகு வந்து எடுத்துக்கொள், அப்போது அது நல்ல புத்தகமாகிவிடும். பெரிய ஆட்டக்காரர்களின் தடித்த புத்தகமும் வேண்டாம். அது பார்த்து ரசிக்க நல்லது, நான் பார்த்து ரசிக்கிறேன். உன் மட்டத்தில் உள்ள சாதாரண ஆட்கள் விளையாடி, ஒருவன் தோற்று, அவன் எந்த இடத்தில் ஏன் சறுக்கினான் என்று ஓர் ஆசிரியர் பொறுமையாக விளக்கும் புத்தகம் கிடைத்தால் வாங்கு. பெரியவர்களின் வெற்றியை நீயும் நானும் கடன் வாங்க முடியாது. நம்மைப் போன்றவன் சறுக்கிய இடத்தில்தான் நாமும் சறுக்குவோம்.

பயிற்சிப் புத்தகம் வாங்கும்போது அட்டையைப் பார்க்காதே, தடிப்பைப் பார்க்காதே. நடுவால் திறந்து ஒரு படத்தைப் பார். பார்த்தவுடனே விடை வந்தால் அது உனக்குச் சின்னச் சட்டை. வீட்டில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு யோசித்து, அது ஆறுவதற்குள் விடை வருகிற மாதிரி இருந்தால் அதுதான் உன் அளவு. ஆறிப்போயும் வரவில்லையென்றால் வைத்துவிடு, வளர்ந்த பிறகு போடலாம். கஷ்டமான புத்தகத்தைக் கையில் வைத்திருந்தால் கெட்டிக்காரன் ஆகிவிடலாம் என்ற வியாதி உனக்கு இருக்கிறது, அது வாப்பா பக்கத்திலிருந்து வந்தது. இன்னொன்று, விடைப் பக்கத்தில் சரியான ஆட்டம் மட்டும் இருந்தால் போதாது. நீ வைக்க நினைத்த பிழையான இடத்தையும் காட்டி, அது ஏன் பிழை என்று சொல்லியிருக்கிறதா என்று பார். அதைச் சொல்லாத புத்தகம் உன்னோடு பேசாத புத்தகம். வாங்கிய ஒன்றை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து செய், அதற்குப் பிறகு அடுத்ததை வாங்கு. அலுமாரியை நிறைத்தவன் எவனும் பலகையில் வென்றதாக நான் காணவில்லை.

புதிதாக வாங்கும் வரைக்கும் ஒன்று தருகிறேன். லின்னின் புத்தகத்தின் நூலை முழுக்கப் பிரித்தேன். கேள்விகளை ஒரு புத்தகமாகவும் விடைகளை வேறொரு புத்தகமாகவும் தைத்தேன். இந்த முறை இடது ஓரத்தில். உனக்கு இந்த விடைகள் எல்லாம் மனப்பாடம், அதனால் கேள்விப் புத்தகத்தை முதலில் மருமகளிடம் கொடு. அவள் தடுமாறுவாள், நீ பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிரு. எவ்வளவு கஷ்டம் என்று அப்போது விளங்கும். அவள் வைக்கும் பிழையான இடங்களைப் பார், ஒவ்வொன்றும் ஏன் பிழை என்று உன் மனதுக்குள் கண்டுபிடி. மனப்பாடம் செய்த விடை அதற்கு உதவாது, உண்மையாகவே யோசிக்க வேண்டி வரும். பிறகு இருவரும் விளையாடுங்கள். அவளிடம் தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, வீட்டு மாப்பிள்ளைக்கு அது அழகில்லை. வெள்ளைப் பொத்தானும் கறுப்புப் பொத்தானும் இரண்டு டப்பாவில் வைத்திருக்கிறேன், அவையும் பெட்டிக்குள்தான்.

இப்போது விடைப் புத்தகத்தின் கதை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதை உனக்குத் தருவதில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். மருமகளுக்குத்தான் விடை தெரியாதே, சந்தேகம் வந்தால் உன் பேச்சை நம்பாமல் "மாமிட்ட கேட்டுப் பாருங்க" என்பாள், நீயும் போன் எடுப்பாய். கிழமைக்கு ஒருமுறையாவது உன் குரலைக் கேட்கலாம். எனக்கு எதிரே நீ உட்கார்ந்து விளையாடும் கதிரை வெறுமையாகக் கிடக்கப் போகிறது மகன். வாப்பாவுக்குக் கோ காட்டிக் கொடுக்கலாம் என்றால், போன கிழமை அவர் என் கறுப்புக் கல்லொன்றை எடுத்துத் தன் சேர்ட்டில் தைத்துத் தரச் சொன்னார். இதனால் விடைகளை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். நல்ல திட்டம் என்று நினைத்தேன்.

இன்று காலையில் பூட்டைத் திறந்தேன். ஒரு தடவை உனக்குக் கேள்வி இல்லாமல் விடையைத் தந்தேன், இந்தத் தடவை விடையை என் கையில் வைத்துக்கொண்டு உன்னை இழுக்கப் பார்த்தேன். இரண்டும் ஒரே பிழைதான், உன்னை உன் பாட்டுக்கு விட எனக்கு மனம் இல்லை. இனி அப்படிச் செய்ய மாட்டேன். விடைப் புத்தகத்தின் நான்கு ஓரத்தையும் சேர்த்துத் தைத்து, உன் சாரன்களுக்குக் கீழே வைத்துவிட்டேன். அவசரம் என்றால் கத்தரிக்கோலால் வெட்டிப் பார், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கேள்வியும் விடையும் இரண்டும் இப்போது உன்னிடம்தான் இருக்கின்றன. இனி நீ எனக்குப் போன் எடுக்க ஒரு காரணமும் இல்லை.

சும்மா எடு மகன்.

உம்மா